வடமொழி என்பது ஒரு மொழி அன்று: இந்தோ-ஆரிய மொழிக்குடும்பம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

'வடமொழி' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனத்தில் தோன்றுவது சமஸ்கிருதம் ஒன்றுதான். வடக்கிலிருந்து வந்த சொல், கருத்து, எழுத்து எதுவானாலும் அதைச் சமஸ்கிருதத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அம்மொழியைப் போற்றுவோரும் மறுப்போரும் இந்த ஒரு பழக்கத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 24,821 பேர். அதே கணக்கெடுப்பில் இந்தோ-ஆரிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் இந்திய மக்களில் 78.05 விழுக்காடு. பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளிலும் பெரும்பான்மையோரின் பேச்சு இக்குடும்பத்து மொழிகளே. இவ்வளவு பெரிய குடும்பத்தை ஒரு மொழியின் பெயரால் அறிய முயல்வது, ஆலமரத்தை ஒரு விழுதைப் பிடித்துக்கொண்டு அளப்பதாகும்.

இக்கட்டுரை மூன்று கருத்துகளை நிறுவ முயல்கிறது. ஒன்று, 'இந்தோ-ஆரியம்' என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். குருதியின் பெயர் அன்று. இரண்டு, இக்குடும்பத்தின் உயிரோட்டம் சமஸ்கிருதத்தில் அன்று, பாகதம் எனப்படும் மக்கள் பேச்சுகளில் ஓடியது. மூன்று, பழந்தமிழகம் முதலில் நெருங்கிப் பழகிய வடபுலப் பேச்சும் பாகதமே. இவ்வழியில் நமக்குக் கைவிளக்காக ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம்: 'கை' என்னும் பொருள் தரும் 'ஹஸ்த'.

1. பெயரும் பொருளும்

'ஆர்ய' என்பது வேதப் பாடல்களைப் பாடியோரும் அவர்களின் ஈரானிய உறவினரும் தம்மைக் குறித்துக்கொண்ட சொல். பாரசீகப் பேரரசன் தாரயவௌஷ் தன் கல்வெட்டில் தன்னை அரிய மரபினன் என்கிறான். ஈரான் என்ற நாட்டுப் பெயரும் அச்சொல்லின் வழிவந்ததே. 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தா ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்ற கருத்தை உலகறியச் செய்தது. 1816-இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் எனக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை ஒப்பிலக்கணமாக விரித்தார்.

இவை மொழியாராய்ச்சியின் முடிவுகள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா இவற்றை இனக் கொள்கையாகத் திரித்தது. 'ஆரிய' என்ற சொல்லைப் பரப்பியவர்களுள் முதன்மையான மாக்ஸ் முல்லரே 1888-இல் அச்சொல் மொழியை மட்டும் குறிப்பது, தலையோட்டையோ முடியையோ குறிப்பதன்று என்று வற்புறுத்தி எழுதினார். அந்த எச்சரிக்கை செவியேறவில்லை. நாஜி ஜெர்மனி ஆரியத்தின் பெயரால் கொன்றவர்களுள், உண்மையிலேயே இந்தோ-ஆரிய மொழி பேசிய ஐரோப்பாவின் ரோமா மக்களும் இருந்தனர். சொல்லை இனமாக்கியதன் கொடுமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

2. தோற்றம்: மூவகைச் சான்றுகள்

2.1 ஒப்பிலக்கணம். இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளை இந்தோ-ஈரானியம். அது இந்தோ-ஆரியம், ஈரானியம், இந்துகுஷ் மலைப்பகுதியின் நூரிஸ்தானி என மூன்றாகப் பிரிந்தது. வேதமொழியும் பழைய ஈரானிய நூலான அவெஸ்தாவின் மொழியும் உடன்பிறந்தவை என்பதை ஒலி ஒழுங்கே காட்டும். வேதத்தில் 'ஸப்த' என்றால் ஏழு, அவெஸ்தாவில் 'ஹப்த'. அங்கே 'ஸோம', இங்கே 'ஹஓம'. நம் 'ஹஸ்த' அவெஸ்தாவில் 'ஜஸ்த'; பழம்பாரசீகத்தில் 'தஸ்த'; இக்காலப் பாரசீகத்தில் 'தஸ்த்'. பதிவு அலுவலகத்தில் நாம் சொல்லும் 'தஸ்தாவேஜு' என்ற சொல்லின் முதற்பாதி இந்தக் கைதான்.

2.2 களிமண் பலகைகள். இந்தோ-ஆரியச் சொற்களின் மிகப் பழைய எழுத்துச் சான்று இந்தியாவில் கிடைக்கவில்லை. துருக்கியின் போகாஸ்கோய் என்னுமிடத்தில், பழைய ஹிட்டைட் தலைநகரின் இடிபாடுகளில் அது கிடைத்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசனும் அண்டை நாடான மித்தானியின் அரசனும் செய்த உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் ஆகிய தெய்வங்கள் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றனர். கிக்குலி என்ற மித்தானியக் குதிரைப் பயிற்சியாளரின் கையேடும் அங்கே உண்டு. குதிரையை எத்தனை சுற்று ஓட்டுவது என்பதைச் சொல்லும்போது அக்கையேடு 'ஐக', 'தேர', 'பஞ்ச', 'சத்த' என எண்ணுகிறது: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. ஒன்றைக் குறிக்க ஈரானிய மொழிகள் 'ஐவ' என்னும். 'ஐக' என்பதோ 'ஏக' என்பதன் முந்தைய வடிவம். மித்தானி அரசவையில் ஒலித்த அச்சொற்கள் ஈரானியத்தின்பால் அன்று, இந்தோ-ஆரியத்தின்பால் சேர்வன என்பது இந்த ஒரு மெய்யெழுத்தால் உறுதிப்படுகிறது. அந்நாட்டு மக்களின் பேச்சு ஹுர்ரியன் என்ற வேறு மொழி. மொழி ஒன்று, அதைச் சுமந்த மக்கள் வேறு என்ற நிலை அன்றே இருந்தது.

2.3 மரபணு. 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 523 தொல்மாந்தரின் மரபணுவை ஆராய்ந்து, நடு ஆசியப் புல்வெளிப் பரப்பின் வம்சாவளி ஏறத்தாழ கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் தெற்காசியாவுக்குள் வந்ததெனக் கணித்தது. அதே ஆண்டு 'செல்' இதழில் வெளியான ஆய்வு, ஹரியானாவின் ராக்கிகடியில் புதைக்கப்பட்ட சிந்துவெளிக்காலப் பெண்ணின் மரபணுவில் அந்த வம்சாவளி இல்லை எனக் கண்டது. ஒப்பிலக்கணம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வடமேற்கு வருகையை இவை வலுப்படுத்துகின்றன. எனினும் மரபணு பேசுவதில்லை. வந்தவர்கள் இங்கிருந்தவர்களோடு கலந்தனர் என்பதும், இன்றைய தெற்காசியருள் ஏறத்தாழ அனைவரும் அக்கலப்பின் பிள்ளைகளே என்பதும் அதே மரபணுவியல் சொல்லும் செய்தி.

3. மூன்று பருவங்கள்

இந்தோ-ஆரிய மொழி வரலாற்றை அறிஞர்கள் மூன்று பருவங்களாகப் பகுப்பர்.

3.1 தொல்பருவம். ரிக் வேதத்தின் 1028 பாடல்கள் இப்பருவத்தின் தலைமைச் சான்று. எழுத்தின் துணையின்றி, அசையும் இசைநிலையும் பிசகாமல், ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு அவை வழிவழியாகக் கடத்தப்பட்டன. காந்தாரத்துச் சலாதுரத்தைச் சேர்ந்த பாணினி, ஏறத்தாழ 4000 சூத்திரங்களில் தம் காலத்து மொழியை வரையறுத்தார். அந்த வரையறையே சமஸ்கிருதம், அதாவது செப்பம் செய்யப்பட்டது.

3.2 இடைப்பருவம். செப்பம் செய்யப்படாத மக்கள் பேச்சுகள் பாகதங்கள். பாலி, அர்த்தமாகதி, சௌரசேனி, மகாராஷ்டிரி, காந்தாரி முதலியன இப்பருவத்தவை. மெய்ம்மயக்கங்கள் இங்கே கரைந்தன: 'ஸப்த' 'ஸத்த' ஆயிற்று, 'அக்னி' 'அக்கி' ஆயிற்று, 'ஹஸ்த' 'ஹத்த' ஆயிற்று. இருமை எண் மறைந்தது. வேற்றுமை உருபுகள் குறைந்தன. இப்பருவத்தின் கடைநிலையே அபப்பிரம்சம். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஹேமச்சந்திரர் அதற்கும் இலக்கணம் எழுதினார்.

3.3 இக்காலப் பருவம். ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி இன்றைய மொழிகள் உருப்பெற்றன. 'ஹத்த' என்பதன் இரட்டை மெய் ஒன்றாகி, அந்த இழப்பை ஈடுசெய்ய முன்னுள்ள உயிர் நீண்டது: இந்தியிலும் குஜராத்தியிலும் 'ஹாத்'. வங்காளி, அசாமி, மராத்தி, நேபாளி ஆகியவற்றிலும் 'ஹாத்' போன்ற வடிவமே. ஆனால் ஈற்றில் மூச்சொலி இல்லை. பஞ்சாபியோ பழைய இரட்டிப்பைக் கைவிடாமல் 'ஹத்த்' என்கிறது. இந்தியில் 'ஸாத்', 'ஆக்' எனவும் பஞ்சாபியில் 'ஸத்த்', 'அக்க்' எனவும் வரும் ஏழும் நெருப்பும் அதே விதியைப் பின்பற்றுகின்றன. ஒரு சொல்லுக்கு நேர்ந்தது அந்த இனத்துச் சொற்கள் அனைத்துக்கும் நேர்கிறது. ஒலி மாற்றம் விதிப்படி நடக்கும் என்பதே ஒப்பிலக்கணம் நிற்கும் அடித்தளம்.

இலக்கணமும் புதிதாயிற்று. 'ராமன் ரொட்டி தின்றான்' என்பதை இந்தியில் 'ராம்-நே ரோட்டீ காயீ' என்பர். வினைமுற்று ராமனோடு இயையவில்லை, ரொட்டியோடு இயைகிறது. ரொட்டி பெண்பால் என்பதால் வினையும் பெண்பால். பழைய செயப்பாட்டுவினை எச்சம் இறந்தகால வினைமுற்றாக மாறியதன் தழும்பு இது. கிழக்கே வங்காளியில் இந்த அமைப்பும் இல்லை, பால் பாகுபாடும் இல்லை. மேற்கே மராத்தியும் குஜராத்தியும் மூன்று பால்களையும் காத்துள்ளன. பஞ்சாபி தொனி மொழியாகிவிட்டது. சிந்தியில் காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் மெய்கள் உள்ளன.

4. சமஸ்கிருதம் தாயா?

பாகதங்களும் இன்றைய வடநாட்டு மொழிகளும் சமஸ்கிருதத்தின் மகள்கள் என்ற கூற்று பரவலானது. மொழிச் சான்று அதை அப்படியே ஏற்க விடுவதில்லை. 'இங்கே' என்பதற்குச் சமஸ்கிருதம் 'இஹ' என்னும். பாலி 'இத' என்னும். அவெஸ்தாவிலும் இச்சொல்லில் தகர இன மெய்யே உண்டு. ஆகவே பாலி வடிவமே மூத்தது. சமஸ்கிருத வடிவம் அதிலிருந்து தேய்ந்தது. இன்னொரு சான்று: 'தேவர்களால்' என்பதற்கு வேதமொழியில் 'தேவைஃ', 'தேவேபிஃ' என இரு வடிவங்கள் வழங்கின. பாணினியின் சமஸ்கிருதம் முன்னதை மட்டும் ஏற்றது. பாலியின் 'தேவேஹி' பின்னதன் வழி வந்தது. மகள் தன் தாயிடம் இல்லாத நகையை அணிந்திருக்கிறாள் என்றால், அதை அவள் பாட்டியிடமிருந்து பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே, வேதகாலத்திலேயே பல வட்டார வழக்குகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இலக்கணக் கட்டுக்குள் வந்து சமஸ்கிருதமாயிற்று, மற்றவை மக்கள் நாவில் வளர்ந்து பாகதங்களாயின என்பதே பொருந்தும் விளக்கம். அரங்கிலும் இந்தப் பாகுபாடு தெரிந்தது. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் அரசன் சமஸ்கிருதம் பேசுகிறான். சகுந்தலை சௌரசேனி பேசுகிறாள். மோதிரத்தைக் கண்டெடுத்த மீனவன் மாகதி பேசுகிறான். ஒரே மேடையில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறது.

5. ஒரு பாறையின் சாட்சியம்

இக்கருத்தைக் கண்ணால் காண விரும்புவோர் குஜராத்தின் ஜூனாகட் நகரை அடுத்த கிர்னார் அடிவாரத்துக்குச் செல்லலாம். அங்குள்ள ஒரே பாறையில் மூன்று காலத்து எழுத்துகள் உள்ளன.

முதலாவது, கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகர் கட்டளைகள். அவை பாகதத்தில் உள்ளன. மௌரியப் பேரரசின் ஆணைமொழி சமஸ்கிருதம் அன்று. அக்கட்டளைகள் இடத்துக்கு இடம் வட்டார வழக்கில் எழுதப்பட்டன. கிர்னாரில் 'ராஜா' என்றிருப்பது கிழக்கே 'லாஜா' ஆகிறது. நான்காம் கட்டளையில் யானைகளைப் பற்றிய செய்தி வருகிறது. கிர்னாரிலும் வடமேற்கின் ஷாபாஸ்கரியிலும் 'ஹஸ்தி' என்ற வடிவம். கால்சியிலும் ஒடிசாவின் தௌலியிலும் 'ஹத்தி' என்ற மெலிந்த வடிவம். கை உடையது 'ஹஸ்தி'. பழந்தமிழர் யானையைக் 'கைம்மா' என்றதும் இதே நோக்கில்தான். தௌலியில் கட்டளைகளுக்கு மேலே பாறையிலிருந்து யானையின் முன்பாதி செதுக்கப்பட்டிருப்பது, அச்சொல்லுக்குப் படம் வரைந்தது போல் இருக்கிறது.

இரண்டாவது, கி.பி. 150-ஐச் சேர்ந்த ருத்ரதாமன் கல்வெட்டு. சமஸ்கிருத உரைநடையில் அமைந்த முதல் நெடிய அரச ஆவணம் இதுவே. இதைப் பொறித்தவன் சக மரபினன். அவன் முன்னோர் நடு ஆசியாவிலிருந்து வந்தவர்கள். சந்திரகுப்த மௌரியன் காலத்தில் கட்டப்பட்ட சுதர்சன ஏரியின் கரை புயலில் உடைந்ததையும், அதைப் புதுப்பித்ததையும் அது கூறுகிறது. மூன்றாவது, 5ஆம் நூற்றாண்டின் ஸ்கந்தகுப்தன் கல்வெட்டு. அதே ஏரியின் அடுத்த உடைப்பையும் பழுதுபார்ப்பையும் செய்யுளில் சொல்கிறது.

இக்கல்லில் பாகதம் முந்தியது. சமஸ்கிருதம் சுமார் நானூறு ஆண்டுகள் பிந்தியது. வேள்விச் சாலையிலும் குருகுலத்திலும் இருந்த மொழி அரசவைக்கு வந்து, ஆட்சியின் பொதுமொழியாக வளர்ந்தது இந்தக் காலத்துக்குப் பிறகே. மக்களை நோக்கிப் பேச விரும்பிய முதல் பேரரசன் மக்கள் பேச்சையே எடுத்துக்கொண்டான்.

6. திராவிடத்தோடு கொடுக்கல் வாங்கல்

6.1 பெற்றவை. இந்தோ-ஆரியம் தன் ஐரோப்பிய உறவினரிடமிருந்து வேறுபட்டு நிற்கும் கூறுகள் பல திராவிட மொழிகளோடு ஒத்துள்ளன. ட, ண போன்ற நாமடி ஒலிகள் அவற்றுள் ஒன்று. ரிக் வேதத்திலேயே வரும் 'கல' (நெற்களம்), 'மயூர' (மயில்) போன்ற சொற்களைத் தாமஸ் பரோ திராவிட வழிவந்தனவாகக் கொண்டார். முண்டா மொழிகளின் பங்கைக் குயிப்பர் வலியுறுத்தினார். மர்ரே எமெனோ 1956-இல் எழுதிய கட்டுரை, வெவ்வேறு குடும்பத்து மொழிகள் நெடுநாள் அண்டை வாழ்வால் ஒரே வார்ப்பில் அமைந்த 'மொழிப் பரப்பு' இந்தியா என்று நிறுவியது.

ஒரு தொடரை எடுத்து இதைப் பார்க்கலாம். 'வருவேன் என்று சொன்னான்' என்கிறோம். 'என்று' என்பது 'என்' என்னும் வினையின் எச்சம். மராத்தியில் இவ்விடத்தில் வருவது 'ம்ஹணூன்', பொருள் 'சொல்லி'. வங்காளியில் 'போலே', நேபாளியில் 'பனேர', சிங்களத்தில் 'கியலா'. தக்கிணி உருதுவில் 'போல்கே'. எல்லாவற்றுக்கும் பொருள் 'சொல்லி' என்பதே. சொற்கள் யாவும் இந்தோ-ஆரியம். தொடரின் எலும்புக்கூடு நமக்குப் பழக்கமானது. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இந்தியில் இல்லை; மராத்தி 'ஆபண்', 'ஆம்ஹீ' எனவும் குஜராத்தி 'ஆப்ணே', 'அமே' எனவும் அவ்வேறுபாட்டைக் காக்கின்றன. தெற்கே நெருங்க நெருங்க நம் வீட்டு வாசனை கூடுகிறது.

6.2 கொடுத்தவை. தமிழும் பெற்றது, பெற்ற வழி பெரும்பாலும் பாகதம். சமஸ்கிருதத்தில் 'ச்ரமண', பாகதத்தில் 'ஸமண', தமிழில் 'சமணர்'. 'க்ருஷ்ண' என்பதிலிருந்து 'கண்ணன்' நேரே வராது. பாகதத்தின் 'கண்ஹ' இடையில் நிற்கிறது. முதற்சகரம் உதிர்ந்த ஒரு சொற்கூட்டமும் உண்டு: 'ஸாவண' என்ற மாதப் பெயர் 'ஆவணி' ஆனது, 'ஸேணி' 'ஏணி' ஆனது என்பர். 'ஆயிரம்' என்பதும் 'ஸஹஸ்ர' என்பதன் பாகத வடிவத்தின் வழியே வந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கன்னடத்தின் 'சாவிர' இடைநிலையைக் காட்டி நிற்கிறது. நம் 'ஹஸ்த'வும் விண்மீன் பெயராக வந்தது. மலையாளிகள் ஓணக்கோலம் தொடங்கும் நாளை 'அத்தம்' என்பதில் அந்தப் பாகத இரட்டிப்பு இன்றும் ஒலிக்கிறது.

7. வெகுதொலைவு சென்ற கிளைகள்

7.1 ரோமானி. ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ரோமா மக்கள். அவர்களின் மொழி இந்தியாவைச் சேர்ந்தது என்று 1782-இல் ஜெர்மானியரான ரூடிகர் நிறுவினார். அம்மொழியின் எண்கள் ஒரு பயண நூல்: யேக், தூய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என ஆறு வரை இந்தியா, எஃப்தா, ஒஹ்தோ, எனியா என ஏழும் எட்டும் ஒன்பதும் கிரேக்கம், பத்துக்கு மீண்டும் இந்திய 'தேஷ்'. பாரசீகச் சொற்களும் ஆர்மேனியச் சொற்களும் இடைவழித் தங்கல்களைச் சொல்கின்றன. வழியைக் குறிக்கும் 'த்ரோம்' என்ற சொல்லே கிரேக்கம். கையை அவர்கள் 'வஸ்த்' என்பர். நடுநாட்டுப் பாகதங்கள் கி.மு. காலத்திலேயே இழந்த 'ஸ்த்' என்ற மயக்கம் இதில் உயிரோடு இருக்கிறது. இதைக் கொண்டு ரால்ஃப் டர்னர் 1926-இல் ஒரு முடிவுக்கு வந்தார்: இம்மக்களின் முன்னோர் நடு இந்தியப் பேச்சினர், ஆனால் மெய்ம்மயக்கங்கள் கரையுமுன்னரே, அவற்றைக் காத்த வடமேற்குக்குப் பெயர்ந்து நெடுங்காலம் தங்கியவர்கள். எழுதப்பட்ட வரலாறு இல்லாத மக்களின் பயணத்தை இரண்டு மெய்யெழுத்துகள் எடுத்துச் சொல்கின்றன.

7.2 சிங்களமும் திவேஹியும். இலங்கைக் குகைகளின் பழைய பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. காலத்தவை; அவற்றின் மொழி சிங்களத்தின் மூதாதையான பாகதம். 'ஹத்த' இங்கே 'அத' ஆயிற்று. மூச்சொலி மெய்கள் பேச்சில் மறைந்ததும், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னே வருவதும் தமிழோடு கொண்ட இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் பலன். மாலத்தீவின் திவேஹி சிங்களத்தின் உடன்பிறப்பு. கையை அவர்கள் 'அத்' என எழுதி 'அய்' என ஒலிப்பர். அதன் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். எழுத்து வடிவங்களுள் பல எண்களிலிருந்து ஆக்கப்பட்டவை.

7.3 சௌராஷ்டிரம். மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி ஆகிய ஊர்களின் நெசவாளர் வீடுகளில் வழங்கும் இம்மொழி குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவானது. 2011 கணக்கெடுப்பில் இதைப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 லட்சம். பட்டுநூல்காரர் எனப்பட்ட இச்சமூகம் தமிழுக்குத் தந்தவர்களுள் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராமும் பாடகர் டி.எம். சௌந்தரராஜனும் அடங்குவர். தனி எழுத்து இருந்தும் பள்ளியில் இடமில்லாததால், பலரும் தம் மொழியைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகின்றனர். 2008-இல் ஒருங்குறியில் இவ்வெழுத்து சேர்ந்தது. நரிக்குறவரின் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரியமே. ஊர் ஊராகப் பாசிமணி விற்ற அந்த நாவுகளில் எழுத்தே இல்லாமல் அது பிழைத்திருக்கிறது.

7.4 கூலி ஒப்பந்தமும் மொழியும். 1834 முதல் மொரிஷியஸுக்கும், பிறகு கரீபியன் தீவுகளுக்கும், 1879 முதல் ஃபிஜிக்கும் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டோரின் போஜ்புரியும் அவதியும் அங்கே புதிய வழக்குகளாயின. 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் 'கிர்மிட்' ஆக்கினர். 'கிர்மிட்டியா' என்பது ஒரு மக்கள்கூட்டத்தின் பெயரானது.

8. இக்கால நிலை

ஜார்ஜ் கிரியர்சன் 1894 முதல் 1928 வரை நடத்திய இந்திய மொழிகள் அளவாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பதிந்தது. விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையை ஒவ்வொரு வழக்கிலும் சொல்லச் செய்து மாதிரி எடுத்தனர். ஊருக்கு ஊர் பேச்சு சிறிது சிறிதாக மாறுவதையும், எல்லைக்கோடு எங்கும் இல்லாததையும் அந்த மாதிரிகள் காட்டின.

அரசியலோ எல்லைக்கோடு கேட்கிறது. 2011-இல் இந்தி பேசுவோர் 52.83 கோடி என்பது பெரிய எண். அதனுள் 5 கோடிக்கு மேற்பட்ட போஜ்புரியரும், 2.5 கோடிக்கு மேற்பட்ட ராஜஸ்தானியரும், 1.6 கோடிக்கு மேற்பட்ட சத்தீஸ்கரியரும் அடக்கம். மொழியியல் நோக்கில் போஜ்புரி, மகஹி, மைதிலி ஆகியவை இந்தியைவிட வங்காளிக்கே நெருங்கியவை. மைதிலி 2003-இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. போஜ்புரி இன்றும் காத்திருக்கிறது. இந்தித் திணிப்பைப் பற்றிப் பேசும் தமிழர், இந்தியின் பெயரால் முதலில் மறைக்கப்பட்டவை இந்தோ-ஆரிய மொழிகளே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மொழியுரிமைக்கு உயிர் கொடுத்ததிலும் இக்குடும்பத்தார் நமக்குத் தோழர். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் உருதுவுக்கு நிகராக வங்காளிக்கு இடம் கேட்ட மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நாளையே 1999-இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. உருது, வங்காளி இரண்டும் இந்தோ-ஆரிய மொழிகள். போராட்டம் குடும்பங்களுக்கு இடையே அன்று, அதிகாரத்துக்கும் பேசுவோருக்கும் இடையே.

9. தமிழகமும் பாகதமும்

மதுரை மாங்குளம் குகைகளின் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அவற்றில் தமிழ்த் தொடருக்கிடையே வருவது 'தம்மம்' என்ற பாகதச் சொல். 'தர்மம்' என்ற சமஸ்கிருத வடிவம் அன்று. சாதவாகன அரசர்களின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பாகதம், மறுபக்கம் தமிழை ஒட்டிய திராவிட மொழி. காஞ்சியிலிருந்து வெளியிடப்பட்ட பல்லவன் சிவஸ்கந்தவர்மனின் மயிதவோலுச் செப்பேடு பாகதத்தில் உள்ளது. பல்லவர் ஆவணங்களில் சமஸ்கிருதம் அதற்குப் பிந்தியே வருகிறது. பள்ளன்கோவில் செப்பேட்டில் தமிழ்ப் பகுதி சேர்கிறது.

சோழநாட்டு உறையூரின் புத்ததத்தர் காவிரிக்கரையில் அமர்ந்து பாலியில் நூல்கள் இயற்றினார். அவருடைய ஒரு நூல் களப்பிர மன்னன் ஒருவனின் ஆட்சியைக் குறிப்பிடுகிறது. களப்பிரர் காலத்துக்குச் சான்று தேடுவோர் புரட்ட வேண்டிய ஏடுகளுள் பாலி ஏடும் ஒன்று. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகக் கூறப்படும் மகாராஷ்டிரிப் பாகதத் தொகை நூலின் எழுநூறு பாடல்களுக்கும் சங்க அகப்பாடல்களுக்கும் உள்ள ஒப்புமையை ஜார்ஜ் ஹார்ட் விரிவாக ஆராய்ந்தார். பெயரற்ற தலைவியும் தோழியும், ஊர்ப்புறமும் பிரிவும் இரண்டிலும் உண்டு.

அந்நாளில் வடவரும் இங்கே கற்க வந்தனர். குறிஞ்சிப்பாட்டு ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. தொல்காப்பியம் வடசொல்லை விலக்கவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழ் ஒலியில் எழுதிக்கொள்ள வழி வகுத்தது. தன் இலக்கணத்தில் உறுதியாக நின்றவர்களுக்கு அயல்மொழி அச்சமாக இருக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் இவை. இந்தோ-ஆரியம் மொழிகளின் உறவைச் சொல்லும் பெயர். ஐரோப்பிய ரோமா மக்களும் மாலத்தீவு மீனவரும் மதுரை நெசவாளரும் ஒரு குடும்பத்து மொழியினர். ஒரே இனத்தவர் அல்லர். அக்குடும்பத்தை வளர்த்தது உழவர், வணிகர், துறவியர், பெண்கள் ஆகியோரின் பேச்சு. அதன் செப்பமான ஒரு வடிவத்தை முழுக் குடும்பமாக எண்ணியது நம் பார்வையில் நேர்ந்த குறை.

2024 அக்டோபரில் மராத்தி, வங்காளி, அசாமி ஆகியவற்றோடு பாலியும் பாகதமும் செம்மொழிகளாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்கும் ஆய்வு மாணவருக்குப் பாகதமும் பாலியும் அடிப்படை அளவிலேனும் கற்பிக்கப்பட வேண்டும். மாங்குளத்துக் கல்லையும் களப்பிரர் காலத்தையும் அவையின்றி முழுமையாகப் படிக்க இயலாது. மதுரையின் சௌராஷ்டிர வீடுகளிலும் நரிக்குறவர் குடியிருப்புகளிலும் உள்ள முதியோரின் பேச்சு இன்றே ஒலிப்பதிவு செய்யப்பட வேண்டும். கிரியர்சன் காலத்தில் ஊதாரி மகன் கதையைச் சொன்ன குரல்கள் ஒரு துணைக்கண்டத்தின் வரைபடத்தை வரைந்தன. நம் தெருவில் உள்ள குரல்களைக் கேட்க நமக்கு ஒரு பதிவுக் கருவியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.